பள்ளி, மருத்துவமனை, கோயில் வாசலில் குடியேற்ற அதிகாரிகள் வந்தால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், திருமணம், இறுதிச் சடங்கு போன்ற இடங்களில் மேலதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் யாரையும் பிடிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையான ஐசிஇ 2011-ல் தன் அதிகாரிகளுக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தது. 2021 அக்டோபரில் அது இன்னும் பல இடங்களுக்கு விரிந்தது. 2025 ஜனவரி 20 அன்று அதை நீக்கிவிட்டார்கள். அது வெறும் சுற்றறிக்கை என்பதால் ஒரே நாளில் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் பல மாநிலங்கள் இப்போது சட்டம் போட்டிருக்கின்றன.

எச்-1பி விசாவில் வந்த குடும்பம், எஃப்-1 மாணவர், அடைக்கலம் கோரிக் காத்திருக்கும் ஈழத் தமிழர், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோர், ஆர்-1 விசாவில் வந்த அர்ச்சகர் என எல்லோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். "நம்மிடம்தான் விசா இருக்கிறதே" என்று தாண்டிப் போக வேண்டாம். தாள் சரியாக இருப்பவர்களும் பள்ளி வாசலில் தடுமாறி, சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுகிறார்கள். தமிழர்கள் நிறையப் பேர் வாழ்வதாலும், சட்டம் விரிவாக எழுதப்பட்டிருப்பதாலும் கலிஃபோர்னியாவை மையமாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற மாநிலங்களை இடையில் சுருக்கமாகத் தொடுவோம்.

மாநிலச் சட்டம் யாருடைய கையைக் கட்டுகிறது

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இது தெளிவானால் மீதியெல்லாம் தானாகப் பிடிபடும். மத்திய அதிகாரி இன்ன இடத்துக்குப் போகக் கூடாது என்று உத்தரவிடும் அதிகாரம் பொதுவாக மாநிலத்துக்குக் கிடையாது. தன் ஊழியர்களுக்கும் தன் உரிமத்தில் நடக்கும் நிறுவனங்களுக்கும் "நீ கதவைத் திறந்துவிடாதே, தகவல் கொடுக்காதே" என்று மாநிலம் சொல்லலாம். மத்திய அரசு தன் வேலையைச் செய்யும்படி மாநில ஊழியர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் சொன்னது. 2018-ல் அதை உறுதி செய்தது. இந்தச் சட்டங்களெல்லாம் நிற்பது அந்த அடித்தளத்தில்தான். மாநிலக் காவல்துறை குடியேற்ற அமலாக்கத்துக்கு உதவுவதைக் கட்டுப்படுத்தும் கலிஃபோர்னியாவின் 2017-ம் ஆண்டுச் சட்டமான எஸ்பி 54-ஐ (எஸ்பி, ஏபி, எச்பி என்பவை மசோதா எண்ணுக்கு முன் வரும் சுருக்கங்கள்) மத்திய அரசு எதிர்த்தபோதும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் அதைத் தாங்கிப் பிடித்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது.

ஆகவே இந்தச் சட்டத்தின் பலம் முழுவதும் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கிறது. பள்ளி அலுவலகப் பணியாளர், மருத்துவமனை வரவேற்பாளர், கோயில் செருப்பு வைக்கும் இடத்தில் நிற்கும் தன்னார்வலர் ஆகியோர்தான் அவர்கள். அவர் "வாங்க, உள்ளே போங்க" என்று சொல்லிவிட்டால், அந்த ஒப்புதலே போதும். அதன் பிறகு எந்த மாநிலச் சட்டத்தைக் காட்டினாலும் அந்த நேரத்துக்கு உதவாது.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கு எதிரே உள்ள நடைபாதை, பொதுச் சாலை, பொது வாகன நிறுத்தம் போன்றவற்றில் இந்தச் சட்டங்கள் பெரிதாகக் காக்காது. பிள்ளையை அழைத்துப்போகக் கார் வரிசையில் நிற்கும்போது நீங்கள் நிற்பது பள்ளிக்குள் அல்ல, தெருவில்.

உங்கள் மாநிலம் எந்தப் பக்கம்

கலிஃபோர்னியாவில் 2025 செப்டம்பர் 20 அன்று கையெழுத்தாகி உடனே நடைமுறைக்கு வந்த மூன்று சட்டங்கள் முக்கியம். பள்ளிக்கு ஏபி 49, பள்ளி பெற்றோருக்கும் கல்லூரி மாணவருக்கும் அறிவிப்பதற்கு எஸ்பி 98, மருத்துவமனைக்கு எஸ்பி 81. கொலராடோ 2025 மே மாதத்தில் எஸ்பி 276 கொண்டுவந்தது. அரசுப் பள்ளி, நூலகம், பொது மருத்துவ நிலையங்கள் அதில் அடங்கும். வாஷிங்டன் மாநிலம் 2019-லேயே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மாதிரிக் கொள்கை எழுதும்படி மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலைப் பணித்தது. மேரிலாந்து 2025-ல் அதே வழியில் போனது. நியூ ஜெர்சியில் 2026 ஜனவரியில் ஒரு சட்டம் கையெழுத்தானது.

இல்லினாயில் 2025 டிசம்பர் 9 அன்று கையெழுத்தான எச்பி 1312, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், பல்கலைக்கழகம் ஆகியவற்றைத் தொடுகிறது. நீதிமன்றத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் சிவில் கைது (குற்ற வழக்குக்காக அல்லாமல் குடியேற்றக் காரணத்துக்காகச் செய்யும் கைது) கூடாது என்கிறது. அதை எதிர்த்து மத்திய அரசின் நீதி அமைச்சகம் (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அதே மாதம் வழக்குப் போட்டது. நியூ யார்க்கில் 2020 முதல் நீதிமன்றங்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது.

டெக்சஸும் ஃப்ளோரிடாவும் எதிர்ப்பக்கம். டாலஸ், ஹூஸ்டன், டாம்பா பகுதிகளில் இருப்பவர்கள் மேலே உள்ள எதையும் தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. ஃப்ளோரிடாவில் 2023-ம் ஆண்டுச் சட்டப்படி, மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஏற்கும் மருத்துவமனைகள் சேர்க்கைப் படிவத்தில் குடியேற்ற நிலையைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு "பதில் சொல்ல விரும்பவில்லை" என்று ஒரு கட்டமும் இருக்கும். அதைக் குறிக்கலாம், அதனால் சிகிச்சை குறையாது என்று அதே சட்டம் சொல்கிறது. டெக்சஸ் மருத்துவமனைகளும் ஆளுநரின் ஆணைப்படி 2024 நவம்பர் முதல் இதே தகவலைத் திரட்டுகின்றன.

எந்த மாநிலத்தில் இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் சில உண்டு. குடியேற்ற நிலையைக் காட்டி ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்பது 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணமோ தாளோ பார்க்காமல் அவசரப் பிரிவு முதலில் பரிசோதித்து உயிராபத்தைத் தணிக்க வேண்டும் என்பது 1986-ம் ஆண்டுச் சட்டம். வீட்டுக்குள்ளும் நிறுவனத்தின் தனிப் பகுதிக்குள்ளும் நுழைய நீதிபதியின் வாரன்ட் தேவை என்பது அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்திலிருந்து வருகிறது.

தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அதிகாரி ஒரு தாளை நீட்டினால் மக்கள் பயந்துவிடுகிறார்கள். மேலே முத்திரை, கீழே கையெழுத்து, நடுவில் "வாரன்ட்" என்ற சொல். பார்த்தவுடன் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் இரண்டு வகை உண்டு. பள்ளிப் பணியாளர் முதல் கோயில் செயலாளர் வரை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே பாடம் இருக்கிறதென்றால் அது இதுதான்.

துறை வாரன்ட் என்பது ஐசிஇ தானே எழுதிக்கொள்வது. ஒரு மூலையில் படிவ எண் ஐ-200 அல்லது ஐ-205 என்று இருக்கும். தலைப்பில் ஐசிஇ-யின் தாய்த் துறையான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர் இருக்கும். ஐ-200-ல் "வாரன்ட் ஃபார் அரெஸ்ட் ஆஃப் ஏலியன்" என்றும், ஐ-205-ல் "வாரன்ட் ஆஃப் ரிமூவல்" என்றும் அச்சிட்டிருக்கும். கையெழுத்துப் போட்டவர் ஒரு குடியேற்ற அதிகாரி. பொது இடத்தில் அந்த நபரைப் பிடிக்க இது போதும். பள்ளியின், மருத்துவமனையின், கோயிலின் பொதுமக்கள் நுழையாத பகுதிக்குள் ஒப்புதல் இல்லாமல் போக இது போதாது.

நீதிமன்ற வாரன்ட்டின் தலைப்பில் "யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்" என்றோ ஒரு மாநில நீதிமன்றத்தின் பெயரோ இருக்கும். கையெழுத்துக்குக் கீழே "ஜட்ஜ்" அல்லது "மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ்" என்று இருக்கும். இது வந்தால் தடுக்கக் கூடாது. ஆனால் நான்கு விஷயங்களைச் சரிபார்க்கலாம்: முகவரி இந்தக் கட்டடத்துக்கு உரியதா, தேதி தாண்டவில்லையா, எந்தப் பகுதியைத் தேடலாம் என்று எழுதியிருக்கிறது, யாரை அல்லது எதைத் தேடுகிறார்கள். கூட்டாட்சித் தேடுதல் வாரன்ட்டை வழங்கிய 14 நாட்களுக்குள் நிறைவேற்றிவிட வேண்டும். நீதிபதி தனியாக அனுமதிக்காவிட்டால் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரைதான். அலுவலகத்தைத் தேட வாரன்ட் வாங்கியவர் சமையலறையையும் திறக்கச் சொன்னால், "இது வாரன்ட்டில் இல்லை" என்று சொல்லலாம்; சொன்னதைக் குறித்துவையுங்கள். அவர்கள் மீறிப் போனால் குறுக்கே நிற்காதீர்கள். பிறகு நீதிமன்றத்தில் பேசுவதற்கு அந்தக் குறிப்பு வேண்டும்.

பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. "இமிக்ரேஷன் ஜட்ஜ்" கையெழுத்திட்ட தாள் என்று சொல்லிக் காட்டுவார்கள். குடியேற்ற நீதிபதி மத்திய அரசின் நீதி அமைச்சகத்தின் ஊழியர். நான்காவது திருத்தம் கேட்கும் நீதிபதி அவரல்லர்.

சப்பீனா என்ற அழைப்பாணையிலும் இதே பிரிவு உண்டு. குடியேற்றத் துறை தானே அனுப்பும் சப்பீனா அந்த நிமிடமே கோப்பைத் தரும்படி யாரையும் கட்டாயப்படுத்தாது. நிறுவனம் மறுத்தால் துறைதான் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்க வேண்டும். அதை வாங்கிக்கொண்டு, பெற்ற தேதியையும் நேரத்தையும் மேலே எழுதி, வழக்கறிஞருக்கு அனுப்புவதே முறை. கிழித்துப் போடுவதோ, கண்டும் காணாமல் விடுவதோ பெரிய தவறு.

பள்ளி

சேர்க்கையிலேயே தொடங்குங்கள். பள்ளிக்குத் தேவை பிள்ளையின் வயதுக்கான சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசிப் பதிவு. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துவிடுங்கள். பாஸ்போர்ட் தருவதாயிருந்தால் விவரப் பக்கத்தின் நகல் மட்டும் கொடுங்கள். விசா ஒட்டிய பக்கத்தையும், நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94-ஐயும் நீங்களாக நீட்ட வேண்டாம். முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ போதும். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் அவர் எழுதித்தரும் உறுதிமொழிக் கடிதத்தை ஏற்பார்களா என்று கேளுங்கள், கலிஃபோர்னியாவில் ஏற்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடலாம். பிறந்த நாடு, அமெரிக்கப் பள்ளியில் முதலில் சேர்ந்த தேதி என்று கேட்கும் தாள் ஆங்கிலம் கற்பிக்கும் திட்டத்துக்கான நிதிக்காக வருவது. அதை நிரப்பினால்தான் இடம் என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது.

அடுத்தது, ஆண்டுத் தொடக்கத்தில் வரும் கட்டுத் தாள்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு படிவம். "டைரக்டரி இன்ஃபர்மேஷன்" என்று அதற்குப் பெயர். கல்விப் பதிவுகளை வெளியே தராமல் காக்கும் 1974-ம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறது. பெற்றோர் எழுத்தில் மறுக்காவிட்டால் பள்ளி அவற்றை வெளியில் தரலாம். குடியேற்ற நிலையும் பிறந்த இடமும் கலிஃபோர்னியாவில் இந்தப் பட்டியலில் வராது. ஆனால் முகவரி வரும். மறுப்புக் கட்டத்தைக் குறித்துக் கையெழுத்திட்டு, நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் புதிதாகக் கொடுங்கள், ஏனெனில் பல பள்ளிகள் பழைய மறுப்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஆண்டுப் புத்தகத்தில் பிள்ளையின் படம் வராமல் போகலாம் என்று தயங்குகிறவர்கள், ஆண்டுப் புத்தகத்துக்கு மட்டும் தனி அனுமதி தர முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பள்ளியில் பதிந்த உங்கள் கைபேசி எண் இப்போதும் அதே எண்தானா? எஸ்பி 98-இன் கீழ், குடியேற்ற அதிகாரிகள் வளாகத்தில் இருப்பது உறுதியானால் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பள்ளி அறிவிக்க வேண்டும். வந்த புதிதில் நண்பர் எண்ணைக் கொடுத்துவிட்டு மாற்ற மறந்தவர்களுக்கு அந்தக் குறுஞ்செய்தி போய்ச் சேராது. அவசரத் தொடர்பு அட்டையில் குறைந்தது மூன்று பேரை எழுதுங்கள். அவர்களில் ஒருவராவது உங்கள் வீட்டுக்கு வெளியே வசிப்பவராக, வேலை நேரத்தில் தொலைபேசியை எடுப்பவராக இருக்கட்டும். பெற்றோர் பிடிபட்டால், குழந்தைகள் நலத் துறையை அழைக்கும் முன் இந்த அட்டையில் உள்ள எல்லோரையும் முயன்று பார்க்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவின் 2017-ம் ஆண்டுச் சட்டம் (ஏபி 699) பள்ளியைக் கட்டாயப்படுத்துகிறது. அட்டையில் பெற்றோர் இருவர் பெயர் மட்டுமே இருந்தால் அந்தச் சட்டத்தால் பயனில்லை.

அடுத்து "கேர்கிவர்ஸ் ஆதரைசேஷன் அஃபிடவிட்". பிள்ளை தன்னோடு வசிக்கிறது, தான் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினர் ஒருவர் கையெழுத்திடும் படிவம் இது. இதைக் காட்டிப் பள்ளியில் சேர்க்கலாம், மருத்துவரிடம் அழைத்துப்போகலாம். நோட்டரி வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், பெற்றோரின் உரிமையையும் இது பறிக்காது. 2025 அக்டோபரில் கையெழுத்தான ஏபி 495, இதில் கையெழுத்திடக்கூடிய உறவினர்களின் வட்டத்தை 2026 ஜனவரி முதல் விரித்திருக்கிறது. சித்தப்பா, அத்தை அருகில் இல்லாமல் பெற்றோரின் ஒன்றுவிட்ட சகோதரர் மட்டுமே ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. படிவத்தை இப்போதே பதிவிறக்கிக் கொடுத்து, அந்த உறவினர் ஒருமுறை முழுதாகப் படிக்கச் செய்யுங்கள். பிள்ளை அவரோடு வசிக்கத் தொடங்கும் நாளில்தான் அவர் கையெழுத்திட வேண்டும். முன்கூட்டியே போட்டு வைத்தால் அது பொய் உறுதிமொழி ஆகிவிடும்.

இனி, அதிகாரி பள்ளிக்கே வந்தால். ஏபி 49 பொதுப் பள்ளிகளுக்கும், அரசு நிதியில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் சொல்வது: நீதிமன்ற வாரன்ட், நீதிமன்ற சப்பீனா அல்லது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வகுப்பறை போன்ற உட்பகுதிகளுக்குள் விடாதே, அடையாள அட்டையைக் கேள், மாணவர் பற்றிய பதிவைத் தராதே. இது ஏன் எழுதப்பட்டது என்பதற்கு 2025 ஏப்ரல் 7 ஒரு சாட்சி. அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு மத்திய அதிகாரிகள் போனார்கள். முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை படிக்கும் ஐந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். குடும்பத்தாரின் அனுமதி இருப்பதாகச் சொன்னார்கள். தலைமையாசிரியர்கள் உள்ளே விடவில்லை. குடும்பத்தார் யாரும் அப்படி அனுமதி தரவில்லை என்று பின்னர் பள்ளி மாவட்டத்தின் (அப்பகுதிப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கண்காணிப்பாளர் அறிவித்தார். பிள்ளைகளின் நலம் பார்க்கவே போனோம் என்றது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. வாய்ச் சொல்லை நம்பாமல் தாளைக் கேட்ட இரண்டு தலைமையாசிரியர்கள் அன்று அங்கே இருந்தது அந்தப் பிள்ளைகளின் நல்லூழ். இனி அது நல்லூழைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதற்குத்தான் சட்டம்.

தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, பள்ளியின் கொள்கை என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடத்தில் சனிக்கிழமை அலுவலகப் பணியாளர் இருக்க மாட்டார். வாசலில் நிற்பது நம் தன்னார்வப் பெற்றோர்தான். விடுமுறை நாளில் யாரை அழைப்பது என்று பள்ளி மாவட்ட அலுவலகத்திடம் ஒரு பெயரும் எண்ணும் வாங்கி வாசல் மேசையில் ஒட்டிவையுங்கள்.

எஃப்-1 மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் படிப்பு நிலை, முகவரி போன்றவற்றைக் கல்லூரி செவிஸ் என்ற கணினி அமைப்பின் வழியே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்கத்தான் வேண்டும். எந்த மாநிலச் சட்டமும் அதை நிறுத்தாது.

மருத்துவமனை

பயத்தில் மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடுவதுதான் இங்கு நடக்கும் மிகப் பெரிய கேடு. நெஞ்சு வலித்தாலும், பனிக்குடம் உடைந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போயே ஆக வேண்டும்.

எஸ்பி 81 கலிஃபோர்னியா மருத்துவ நிலையங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறது. ஒன்று, சிகிச்சை நடக்கும் பகுதிகளைப் பொதுமக்கள் நுழையாத பகுதி என்று பலகையாலோ பூட்டாலோ வரைபடத்தாலோ பிரித்துக் காட்ட வேண்டும். நீதிமன்ற வாரன்ட் அல்லது உத்தரவு இல்லாமல் குடியேற்ற அமலாக்கத்துக்காக அங்கே விடக் கூடாது. இரண்டு, நோயாளியின் குடியேற்ற நிலையும் பிறந்த இடமும் இனி மருத்துவத் தகவல் என்றே கருதப்படும். இரத்தப் பரிசோதனை முடிவைக் காப்பதுபோல அதையும் காக்க வேண்டும்.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவோம். முன்கூடமும் காத்திருப்பு அறையும் பொதுப் பகுதி, யாரும் வரலாம். அதனால் பதிவு முடிந்ததும், உள்ளே காத்திருக்க இடம் உண்டா என்று கேட்பதில் தவறில்லை. செவிலியர் "எந்த ஊர், எப்போது வந்தீர்கள்" என்று கேட்பது சில நேரம் காசநோய்ப் பரிசோதனைக்காக இருக்கும். பயணம் செய்த நாடுகளைச் சொல்லலாம். விசா நிலையைச் சொல்லத் தேவையில்லை. கோப்பில் அது எழுதப்படாவிட்டால் கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இருக்காது.

உள்நோயாளியாகச் சேரும்போது "என் பெயரை நோயாளிப் பட்டியலில் காட்ட வேண்டாம்" என்று சொல்லுங்கள். மருத்துவத் தனியுரிமைக்கான ஹிப்பா விதிகளின்படி, பெயர் சொல்லி விசாரிக்கும் யாருக்கும் நோயாளி இருக்கும் அறையையும் பொதுவான நிலையையும் மருத்துவமனை சொல்லலாம், நோயாளி மறுக்காதவரை. மறுத்துவிட்டால் "அப்படி ஒருவர் பற்றித் தகவல் இல்லை" என்பார்கள். பூங்கொத்து அனுப்பும் உறவினருக்கும் அதே பதில்தான் கிடைக்கும்; வீட்டாரிடம் அறை எண்ணை நீங்களே சொல்லிவிடுங்கள்.

காவலில் இருக்கும் ஒருவரை அதிகாரிகளே சிகிச்சைக்கு அழைத்துவந்தால் கதை வேறு. அவர்கள் கட்டிலருகே நிற்பார்கள். அப்போதும் நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை உண்டு. "தமிழ்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்தியர் என்றால் இந்தி மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் கொண்டுவந்துவிடுவார்கள்.

வாசலைக் காக்கும் சட்டம் காப்பீட்டுத் தரவைக் காக்காது. 2025 ஜூனில் மத்திய அரசு, மெடிக்கெய்ட் பயனாளிகளின் தகவலை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தது. கலிஃபோர்னியா தலைமையில் 20 மாநிலங்கள் வழக்குப் போட்டன. நிலை சிக்கலாக உள்ள குடும்பத்தினர் புதிதாக மெடி-கேல் (கலிஃபோர்னியாவின் மெடிக்கெய்ட்) விண்ணப்பிக்கும் முன் ஒரு சட்ட உதவி மையத்தில் கேட்டுவிடுங்கள்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல்

மூன்று இடங்களில் மாநிலச் சட்டம் மிகவும் மெலிந்திருப்பது இங்கேதான். பள்ளியும் மருத்துவமனையும் மாநிலத்தின் பணத்திலோ உரிமத்திலோ நடப்பவை. வழிபாட்டுத் தலம் தனியார் அமைப்பு. அதற்கு உத்தரவிட மாநிலமும் தயங்குகிறது. ஆகவே இங்கே நிர்வாகக் குழுதான் தன் வாசலுக்கு விதி எழுத வேண்டும். 2025 பிப்ரவரியில் மேரிலாந்தில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, பழைய கட்டுப்பாடு தொடர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டார். ஆனால் அது வழக்குப் போட்ட குவேக்கர் சபைகள், ஒரு பாப்டிஸ்ட் கூட்டமைப்பு, சாக்ரமென்டோ சீக்கியக் கோயில் ஆகியோருக்கு மட்டும். அதே ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டன் டி.சி.யில் வேறு சில சபைகள் போட்ட வழக்கில் நீதிபதி அப்படி ஒரு தடை தர மறுத்துவிட்டார். "நீதிமன்றம் தடை போட்டுவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி உங்கள் கோயிலும் அதில் அடக்கம் என்று நினைக்க வேண்டாம்.

நிர்வாகக் குழு ஒரு மாலையில் செய்து முடிக்கக்கூடியது இது. கட்டடத்தின் வரைபடத்தை எடுத்து, பக்தர்கள் வரும் மண்டபத்தை ஒரு நிறத்திலும், அலுவலகம், மடப்பள்ளி, அர்ச்சகர் குடியிருப்பு, வகுப்பறை, பொருள் அறை ஆகியவற்றை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். இரண்டாவது நிறம் உள்ள ஒவ்வொரு கதவிலும் "தனிப் பகுதி, அனுமதி பெற்றவர் மட்டும்" என்று ஆங்கிலத்தில் பலகை மாட்டுங்கள். பலகை மாட்டிவிட்டு, அன்னதான நாளில் எல்லோரையும் மடப்பள்ளி வழியாக விட்டால் அது தனிப் பகுதி என்ற வாதம் பலவீனமாகிவிடும். பூட்டும் பழக்கமும் சேர்ந்து இருக்க வேண்டும்.

அதிகாரிகளிடம் பேச ஒருவரையும் அவர் இல்லாதபோது பேச இன்னொருவரையும் நியமித்து, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். மற்ற எல்லோரும் சொல்ல வேண்டியது ஒரே வரி: "ஐ ஆம் நாட் ஆதரைஸ்டு டு கன்சென்ட். ப்ளீஸ் வெய்ட் ஃபார் அவர் ரெப்ரசென்டேட்டிவ்." (ஒப்புதல் தர எனக்கு அதிகாரம் இல்லை, எங்கள் பிரதிநிதி வரும்வரை காத்திருங்கள்.) நம் ஊர் விருந்தோம்பல் இந்த இடத்தில் ஆபத்து. காபி கொடுத்து உள்ளே உட்காரவைத்தாலே ஒப்புதல் தந்ததாகிவிடும்.

அர்ச்சகரை ஆர்-1 விசாவில் அழைத்துவந்த கோயில்களுக்குத் தனியாக ஒன்று. விசா மனுக்களைப் பரிசீலிக்கும் துறையான யுஎஸ்சிஐஎஸ்-இன் அதிகாரிகள், மனுவில் சொன்னபடி வேலையும் இடமும் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்க வருவார்கள். ஆர்-1 விதிகளிலேயே அந்த ஆய்வு எழுதியிருக்கிறது. ஒத்துழைக்காவிட்டால் மனு மறுக்கப்படலாம், அர்ச்சகரின் விசாவே போகலாம். இதையும் ஐசிஇ வருவதையும் ஒன்றாகக் குழப்பி, மனு ஆய்வுக்கு வந்தவரை வாசலோடு அனுப்பிவிடுவது நடக்கக்கூடிய தவறு. முதலில் அடையாள அட்டையில் எந்தத் துறை என்று பாருங்கள். மனு ஆய்வு என்றால் மனு நகல், சம்பளச் சீட்டு, பூஜை அட்டவணை வைத்திருக்கும் கோப்பை எடுத்து, பொறுப்பாளர் உடனிருந்து பதில் சொல்லட்டும். ஊழியர்களின் ஐ-9 படிவங்களை (வேலை செய்யும் தகுதியைச் சரிபார்த்ததற்கான படிவம்) கேட்டு ஆய்வு அறிவிப்பு வந்தால் மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அன்றே எடுத்துக்கொடுக்கத் தேவையில்லை.

அந்த நிமிடத்தில்

ஓடக் கூடாது. பொய் சொல்லக் கூடாது, போலித் தாள் காட்டவே கூடாது. பேசாமல் இருக்க உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துவதாக வாயால் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" என்று கேளுங்கள், ஆம் என்றால் நிதானமாக நடந்துபோங்கள். பையைத் தேட முயன்றால் "ஐ டூ நாட் கன்சென்ட் டு எ சர்ச்" என்று சொல்லுங்கள், கையால் தடுக்காதீர்கள். வழக்கறிஞர் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம், குறிப்பாகத் தானாக நாட்டைவிட்டுப் போக ஒப்புக்கொள்ளும் தாளில்.

18 வயதுக்கு மேற்பட்ட, குடியுரிமை இல்லாத ஒவ்வொருவரும் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. விசாவில் உள்ளவர்கள் ஐ-94-ஐ அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் அட்டையையே. எச்-4 விசாவில் (எச்-1பி-யில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) உள்ள பிள்ளைக்கு 14 வயது நிறைந்தால் 30 நாளுக்குள் மீண்டும் பதிந்து கைரேகை தர வேண்டும் என்பதைப் பல பெற்றோர் தவறவிடுகிறார்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும்.

உதவ நினைப்பவர்கள் எல்லை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தாளைக் கேட்பதும், ஒப்புதல் மறுப்பதும், எட்டி நின்று படம் எடுப்பதும் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆளைப் பின்வாசல் வழியாக அனுப்புவதும், பொருள் அறையில் ஒளித்துவைப்பதும் வேறு. மில்வாக்கியில் தன் நீதிமன்ற அறைக்கு வந்த ஒருவரை வேறு கதவு வழியாக வெளியே அனுப்பியதற்காக ஒரு நீதிபதியையே, 2025 டிசம்பரில் இடையூறு செய்த குற்றத்தில் ஜூரி குற்றவாளி என்றது.

எல்லாம் முடிந்த கையோடு எழுதிவையுங்கள்: நேரம், எத்தனை அதிகாரிகள், உடையில் எந்தத் துறையின் பெயர், பெயர் அட்டை எண், வாகன எண், காட்டிய தாளின் படிவ எண், யார் என்ன சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழிந்தாலே ஞாபகங்கள் கலந்துவிடும்.

யாராவது பிடிபட்டுவிட்டால்

ஐசிஇ-யின் இணையத் தேடல் பக்கத்தில் இரண்டு வழி: குடியேற்றத் துறை ஒருவருக்குத் தரும் ஒன்பது இலக்க ஏ-எண்ணும் பிறந்த நாடும், அல்லது முழுப் பெயரும் பிறந்த நாடும். ஏ-எண் கிரீன் கார்டிலும் வேலை அனுமதி அட்டையிலும் அடைக்கல வழக்குத் தாள்களிலும் இருக்கும். இப்போதே குறித்து வீட்டில் இருவரிடம் கொடுங்கள். வெறும் எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அந்த எண் இருக்காது, பெயரை நம்பித்தான் தேட வேண்டும். தமிழர்களுக்கு இங்கேதான் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இயற்பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று ஏறியிருக்கும். தேடல் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் காட்டும். எனவே விசாவில் உள்ளபடி ஒரு முறை, தந்தை பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ஒரு முறை, இரண்டையும் இடம் மாற்றி ஒரு முறை என்று தேடுங்கள். பிடிபட்ட முதல் சில மணி நேரம் பெயர் ஏறாமலே இருக்கலாம். திரும்பத் திரும்பப் பாருங்கள்.

இந்தியக் குடிமக்கள் விஷயத்தில் தூதரகத்துக்குத் தானாகத் தகவல் போகாது. பிடிபட்டவர் "என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் சொல்வார்கள். குடும்பத்தாரும் நேரடியாகத் தூதரகத்தை அழைக்கலாம். வழக்கறிஞரை அமர்த்தும் முன் மாநில பார் கவுன்சில் இணையதளத்தில் அவர் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். "நோட்டரி", "இமிக்ரேஷன் கன்சல்டன்ட்" என்ற பலகையோடு பணம் வாங்குகிறவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர். ஏ-எண் இருந்தால் குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கி எண்ணான 1-800-898-7180-ல் அடுத்த விசாரணைத் தேதியைக் கேட்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஐசிஇ தேடல் பக்கத்தில் வரமாட்டார்கள். அவர்களைத் தேட முதல் அழைப்பே வழக்கறிஞருக்குப் போகட்டும்.